வெள்ளைப்படுதலும் எச்ஐவியும்: செட்டிநாட்டிலிருந்து இங்கிலாந்து வரும் பெண்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வரும் பெட்டியில் சீப்புச் சீடையோடு ஒரு மருந்துப் பையும் இருக்கும். வெள்ளைப்படுதலுக்கென்று ஊர் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அதில் இருந்தால், பரிசோதிக்காமல் போடாதீர்கள்.

தயிர்த் திப்பிபோலக் கெட்டியாக, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெள்ளையாக நீர்த்து, மீன் கவுச்சி அடித்தால், அதுவும் உறவுக்குப் பின் கூடினால், பாக்டீரியல் வஜினோசிஸாக இருக்கலாம், சுருக்கமாக பிவி. ஆச்சி சொல்கிற 'உடம்புச் சூடு' இதற்குக் காரணமில்லை. பாதிப் பேருக்கு அறிகுறியே இருக்காது.

நல்ல நிலையில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து பிறப்புறுப்பின் பிஹெச் அளவை (குறைந்தால் அமிலம் அதிகம் என்று பொருள்) 4.5-க்குள் வைத்திருக்கும். அந்த நல்ல பாக்டீரியா குறைந்து கார்ட்னெரெல்லா, பிரிவோட்டெல்லா போன்ற வேறு பாக்டீரியா பெருகினால் அமிலம் போய்விடும். அவற்றின் நொதிகள் காப்புச் சளியைக் கரைக்கும், அழற்சியால் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து குவியும். எச்ஐவி பற்றுவதும் அந்த அணுக்களைத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வந்த கணக்கின்படி பிவி உள்ள பெண்ணுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுதல். பிவி வந்தாலே எச்ஐவி என்று பதற வேண்டாம்; துணையிடம் வைரஸ் இருந்தால்தான் தொற்றும். அவர் மருந்தெடுத்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தால் உறவில் தொற்றாது.

படிகாரத் தண்ணீர், டெட்டால், சோப்பு எதையும் உள்ளே விடாதீர்கள். மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் போய்விடும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். தயிர் வைப்பதிலும் பயனில்லை, அதிலுள்ள இனம் வேறு.

செக்ஷுவல் ஹெல்த் கிளினிக் என்று தேடிப் போங்கள். விசா எதுவானாலும் பரிசோதனை இலவசம், ஜிபியிடம், அதாவது பகுதிக் குடும்ப மருத்துவரிடம், பதிந்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் சம்மதிக்காமல் அவருக்குத் தகவல் போகாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். கணவரையோ நாத்தனாரையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போகும். அன்றே எச்ஐவி பரிசோதனையும் கேளுங்கள்.

பிவிக்கு மருந்து பெரும்பாலும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 5 முதல் 7 நாள். கவுச்சி போனதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிளிண்டமைசின் கிரீம் தந்தால் அதிலுள்ள எண்ணெய்ப்பசை ஆணுறையைப் பலவீனமாக்கும். அந்த நாட்களில் உறவைத் தவிருங்கள். ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் திரும்ப வந்தது 35 சதவீதம், கொடுக்காதபோது 63. ஆகவே மறுபடி வந்தால் அவருக்கும் மருந்து உண்டா என்று கேளுங்கள்.

துணையின் எச்ஐவி நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால், எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை அதே கிளினிக்கில் இலவசம். பிவி இருந்தாலும் அது வேலை செய்யும். ஆணுறை கிழிந்தோ, இல்லாமலோ உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அங்கே போக வேண்டும். கிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், உறவுக்குப் பிறகு எச்ஐவி தொற்றாமலிருக்க எடுக்கும் பெப் மருந்து என்று கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும்.