இமயத்துக்கு ஒரு நிழல் வரைபடம்: கியூஜிஐஎஸ்ஸில் செய்முறை

செயற்கைக்கோள் படத்தில் எவரெஸ்ட் பக்கம் போனால் முகடு பள்ளமாகவும் பள்ளத்தாக்கு முகடாகவும் தெரிகிறதா? கண்ணில் கோளாறில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் அங்கே கடப்பது காலை 10 மணி வாக்கில். சூரியன் தென்கிழக்கில் இருக்க, நிழல் வடமேற்கில் விழும். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று பழகிய மூளை மேட்டைப் பள்ளமாக்கிவிடுகிறது. படத்தைத் தலைகீழாக்கினால் சரியாகும், ஆனால் தெற்கு மேலே போய்விடும். உயரத் தரவை எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் நாமே ஒளி பாய்ச்சுவதே மேல்.

1. தரவு

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு பிரபலம். ஆனால் செங்குத்துச் சரிவுகளை ரேடார் சரியாகப் பார்க்காததால் இமயத்தில் ஓட்டைகள் அதிகம். என் தேர்வு ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் 30 மீட்டர் உயரத் தரவு (ஒரு பிக்சல் சுமார் 30 மீட்டர்).

ஓடு ஓடாக (ஒரு பாகைத் துண்டுகளாக) இறக்கினால் கவனம்: எவரெஸ்ட் சிகரம் வட அட்சரேகை 27.99 பாகையில், ஓட்டின் வடக்கு விளிம்பில் நிற்கிறது. 28-இல் தொடங்கும் ஓட்டையும் எடுத்து இணைக்காவிட்டால் சிகரத்தோடு படம் அறுந்துவிடும்.

2. ரீபுரொஜெக்ட்

பாகைக் கணக்கிலுள்ள கோப்பை மீட்டர் கணக்குக்கு மாற்றும் வேலை இது. பலரும் தாண்டிப்போவது இதைத்தான். கோப்பில் கிடைமட்ட அலகு பாகை, உயரம் மீட்டர். பக்கத்துப் பிக்சல் 20 மீட்டர் உயரம் என்றால் உண்மைச் சரிவு சுமார் 34 பாகை. மென்பொருளோ 20-ஐ 30-ஆல் வகுக்காமல் 0.000278-ஆல் வகுக்கும். சின்ன மேடுகூடச் செங்குத்துச் சுவராகி, படம் கறுப்பு வெள்ளைப் புள்ளிக்காடாகும்.

வார்ப் கருவியில் இபிஎஸ்ஜி:32645 (மீட்டரில் அளக்கும் யூடிஎம் 45 வடக்கு முறையின் குறியீடு) கொடுங்கள். ரீசாம்ப்ளிங்கில் (புதிய பிக்சல்களின் மதிப்பைக் கணக்கிடும் முறையில்) 'நியரஸ்ட்' வேண்டாம், வரிவரியாகக் கோடு விழும், 'கியூபிக்' வையுங்கள். ரீபுரொஜெக்ட் செய்யாமல் ஸ்கேலில் 111120 (ஒரு பாகைக்கு இத்தனை மீட்டர்) போடும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் இந்த அட்சரேகையில் பிக்சலின் கிழக்கு மேற்கு அகலம் 27 மீட்டர்தான். அதை அந்த எண் கண்டுகொள்ளாது.

3. ஹில்ஷேட்

உயரத் தரவில் ஒளி பாய்ச்சி நிழல் வரையும் கருவி இது. ஒளி வரும் திசை 315 பாகை (வடமேற்கு), ஒளியின் உயரம் 45 பாகை, இசட் ஃபாக்டர் (உயரத்தைப் பெருக்கும் எண்) 1. இசட்டை 3 ஆக்கினால் இமயம் முள்வேலியாகும். வடமேற்கில் அவ்வளவு உயரத்தில் சூரியன் அங்கே ஒருநாளும் நிற்காது. இது மூளைக்கான ஏமாற்று, அவ்வளவுதான்.

4. நிறம்

கீழே உயர அடுக்கு, மேலே ஹில்ஷேட், அடுக்குகளைக் கலக்கும் பிளெண்டிங் 'மல்டிப்ளை'.

பின்சேர்க்கை: 5,500 மீட்டருக்கு மேலே வெள்ளை பூசினால் பனி ஆகிவிடாது. வடசரிவும் தென்சரிவும் ஒன்றல்ல. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பேண்டு 3-இலிருந்து (பச்சை ஒளி) பேண்டு 11-ஐ (குறுஅலை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்; 0.4-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் பனி. மேகம் பெரும்பாலும் அதற்குக் கீழே நின்றுவிடும்.