லான்ட்மாஸ்ரர் பெட்டியில் எத்தனை மூடை? இரண்டு மாறிச் சமனிலியை வரைந்து தீர்ப்போம்

கணக்கு இதுதான். முத்தையன்கட்டில் விளைந்த நெல்லையும் கச்சானையும் ஒருவர் லான்ட்மாஸ்ரரில் (பெட்டி பூட்டிய இரு சில்லு உழவு இயந்திரம்) ஏற்றி, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ9 வீதிக்கு வருகிறார். கச்சான் முறிகண்டியில் இறங்கும், நெல் கிளிநொச்சிக்குப் போகும். நெல் மூடை 60 கிலோ, கச்சான் மூடை 30 கிலோ என்று வைப்போம். பெட்டியில் 900 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஒவ்வொன்றிலும் எத்தனை மூடை ஏற்றலாம்?

நெல் மூடைகளின் எண்ணிக்கை ந, கச்சான் மூடைகளின் எண்ணிக்கை க. இதை முழு வசனமாகவே எழுதுங்கள். 'ந = நெல்' என்று சுருக்கினால் அது மூடையா கிலோவா என்று பாதிவழியில் குழம்பும்.

60ந + 30க ≤ 900
30ஆல் வகுத்தால்: 2ந + க ≤ 30

ந கிடை அச்சில், க நிலைக்குத்து அச்சில். (15, 0), (0, 30) இரண்டையும் இணையுங்கள். சரியாக 900 கிலோ ஏற்றலாம் என்பதால் முழுக்கோடு. '900இலும் குறைவாக' என்றிருந்தால் விட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

எந்தப் பக்கத்தை நிழற்றுவது? பிள்ளைகள் அதிகம் தடுக்குவது இங்கேதான். '≤ வந்தால் கோட்டுக்குக் கீழே' என்று மனனம் செய்ய வேண்டாம். கோட்டில் இல்லாத ஒரு புள்ளியைப் போட்டுப் பாருங்கள். (0, 0) போட்டால் 0 ≤ 30, உண்மை. ஆகவே அந்தப் பக்கம். மூடை எண்ணிக்கை மறையாகாது என்பதால் முதலாம் கால்வட்டம் மட்டும். அரை மூடையும் ஏற்றுவதில்லை, ஆகவே முழுவெண் புள்ளிகளே விடை. (10, 10) சரியாக 900 கிலோ, ஏற்றலாம். (12, 8) 960 கிலோ, முடியாது.

முதலில் வரைபுத்தாளும் கூரான பென்சிலும்தான். கையால் வரைந்த பிறகு தொலைபேசியில் ஜியோஜீப்ரா என்ற வரைபுச் செயலியில் சரிபார்க்கலாம்.

பின்சேர்க்கை: 'கச்சான் மூடைகள் நெல் மூடைகளின் இரு மடங்குக்குக் குறையக்கூடாது' என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2க ≥ ந என்று பலர் எழுதுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள்: நெல் 3 என்றால் கச்சான் 6 ஆவது வேண்டும். ஆகவே க ≥ 2ந. இந்தக் கோடு (0, 0) ஊடாகவே போவதால் அந்தப் புள்ளி உதவாது, (5, 0) எடுங்கள். 0 ≥ 10 பொய், எனவே மறுபக்கம். இதையே 2ந − க ≤ 0 என்று எழுதினால் குறி ≤, நிழல் விழுவதோ கோட்டுக்கு மேலே.