எவ்ரி வானில் டைமிங் செயின் சத்தம்: பார்ப்பதும் மாற்றுவதும்

“செயின் எஞ்சின்தானே, ஆயுளுக்கும் கை வைக்கத் தேவையில்லை” என்று வான் விற்பவர் சொன்னால், கடைசியாக ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோவதுதான் டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட். பழைய டொல்பின் ஹையேஸ் டீசலில் இருப்பது பெல்ட். மாற்றும் காலம் வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். சுசுகி எவ்ரியின் கே6ஏ எஞ்சினில் செயின். அதற்கு விளக்கில்லை, சத்தம்தான்.

செயின் நீண்டுவிட்டது என்போம். உண்மையில் தகடு நீள்வதில்லை. கண்ணிகளுக்குள் இருக்கும் பின்கள் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் மயிரளவு, எல்லாம் கூடினால் தொய்வு. அந்தத் தொய்வை ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர் இழுத்துப் பிடிக்கிறது. டென்ஷனரின் தண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டால், செயின் தன்னை வழிநடத்தும் ‘கைட்’ பட்டையில் அடிக்கத் தொடங்கும்.

தேய்மானத்துக்கு முதற் காரணம் கெட்ட ஒயில். இந்தச் சின்ன எஞ்சினில் இருப்பதே ஏறக்குறைய 3 லீற்றர். அரை லீற்றர் குறைந்தாலும் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. மருதானையிலும் புறக்கோட்டையிலும் ஏசி போட்டபடி நின்ற மணித்தியாலங்கள் மீற்றரில் ஏறாது, ஒயிலில் ஏறும். கொழும்புக்குள் ஓடும் வானுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அதுவே ஒயில் மாற்றும் கணக்கு.

சோதிப்பதற்கு, இரவு முழுக்க நின்ற வானில், எஞ்சினுக்கு மேலிருக்கும் முன் சீற்றைத் தூக்கிவிட்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடகடவென்று ஓரிரு விநாடி கேட்டு நின்றால், முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சூடான பிறகும் தொடர்ந்தால் செயின் பக்கம் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் உடனே கழற்றாதீர்கள். ஆல்டனேட்டரையும் வோட்டர் பம்பையும் சுழற்றும் வெளிப் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் மறைந்தால் குற்றவாளி ஆல்டனேட்டர் அல்லது வோட்டர் பம்ப் பெயாரிங்.

சத்தம் அப்படியே இருந்தால் வால்வு கவரைத் திறந்து கைட்டில் பள்ளமோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கை அது ஓடும் திசையில் மட்டும் ஸ்பெனரால் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் தொய்வு இடம் மாறிச் செயின் ஒரு பல் தாவலாம். பழைய செவர்லே வி8 வான்களில் இதற்கு மாறாக, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி) மூடியைக் கழற்றி, கிராங்கை முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே சுழலும் ரோட்டர் எத்தனை பாகை பிந்தி அசைகிறது என்று அளப்பார்கள். கே6ஏயில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, அந்த வித்தையை இங்கே காட்டக்கூடாது.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் செயினை மட்டும் வாங்கி வராதீர்கள். கைட், டென்ஷனர், அதன் கை, கிராங்க் முன் சீல், வால்வு கவர் கேஸ்கட் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ரொக்கட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழைய பல் புதுச் செயினையும் தின்றுவிடும். உடைந்த கைட் துண்டுகள் கிடந்தால் சம்பை (அடியிலுள்ள ஒயில் தட்டு) கழற்றி ஒயில் வடியை (ஒயிலை வடிகட்டும் வலை) கழுவாமல் பூட்டக்கூடாது. கவருக்குப் பூசும் கேஸ்கட் பசையும் மெல்லிய கோடாகவே இருக்கட்டும், பிதுங்கி உள்ளே விழுவதும் அதே வடியைத்தான் அடைக்கும்.

செயினின் நிறக் கண்ணிகளை ஸ்ப்ரொக்கட் குறிகளோடு பொருத்தி, டென்ஷனரை அழுத்திப் பிடித்திருக்கும் பின்னை உருவிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஸ்ப்ரொக்கட் குறிகள் மீண்டும் பொருந்த வேண்டும். செயினின் நிறக் கண்ணிகள் பொருந்தாது, அதைப் பார்த்துப் பயந்து திரும்பக் கழற்றுபவர்கள் உண்டு. கவரை மூடிப் புது ஒயில் விட்ட பின், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கொயில், இன்ஜெக்டர் வயர் இணைப்புகளையும் பிடுங்கி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுழற்றுங்கள். எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்த பிறகு, முதல் ஒயிலை 1,000 கிலோமீற்றரிலேயே வடித்துவிடுங்கள்.