மீன் பெட்டிக்கு டேக், ஐஸ் அறைக்கு சென்சார்: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுக இறால், கணவாய், நண்டு வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் "இந்தச் சரக்கு எந்தப் படகில் வந்தது, வழியில் எவ்வளவு குளிரில் இருந்தது" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல், மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் இல்லாத கடல்மீனை உள்ளே விடுவதில்லை. ஈரக் கையால் நோட்டில் எழுதிச் சமாளிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. அதனால் பெட்டிக்கு ரேடியோ அலை வழியே தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக், குளிர் அறைக்கு வெப்பநிலையை அளந்து அனுப்பும் வயர்லெஸ் சென்சார் என்று இறங்குவது நல்ல முடிவுதான். ஆனால் துணிக் கிடங்கில் ஓடும் ஏற்பாட்டை அப்படியே தூக்கிவந்து மீன் கரையில் வைத்தால் ஓடாது. பணம் போவதோடு, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்ற கசப்பும் மிஞ்சும். அந்தக் கசப்பு யாருக்கும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தவறு ஒன்று உண்டு. டேக் பதிவாகவில்லை என்றால் பெட்டி வரவில்லை என்றும், சென்சாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை என்றால் குளிர் சரியாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்வது. கருவி பேசாமல் இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், திரையில் தெரியும் கணக்கு ஒன்றாகவும் தரையில் இருக்கும் சரக்கு இன்னொன்றாகவும் இருக்கும்.

காலிப் பெட்டியில் சோதித்துப் பார்ப்பது

நாம் பேசும் டேக்கில் பேட்டரி கிடையாது. அதைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே வகைதான். காய்ந்த சரக்கு என்றால் சில மீட்டர் தள்ளி நின்றே படித்துவிடலாம். மீன் பெட்டியில் கதை வேறு. இந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். உறைந்த ஐஸ் கட்டி அவ்வளவாக விழுங்குவதில்லை. அது உருகி வழியும் உப்புத் தண்ணீரும் ஈரம் நிறைந்த மீன் சதையும்தான் விழுங்குகின்றன. அதனால் காலிப் பெட்டியை அடுக்கி வைத்துக் காட்டும்போது எல்லா டேக்கும் படிக்கும். அதே பெட்டியில் கணவாயும் ஐஸும் நிரப்பி ஆறு அடுக்கு ஏற்றிவிட்டால் நடுவில் இருப்பவை மௌனமாகிவிடும். விற்க வருகிறவரிடம் நிறைந்த, தண்ணீர் சொட்டுகிற, அடுக்கிய பெட்டியில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உலோகம் இன்னொரு தொல்லை. சாதாரண டேக்கை எவர்சில்வர் மேசையிலோ வண்டியின் தகரத்திலோ ஒட்டினால் படிக்காது. உலோகத்துக்கென்று செய்த தடிமனான டேக் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிக்குக் காகித ஸ்டிக்கர் டேக் போடுவதும் வீண். கழுவித் தேய்க்கிற இடத்தில் அது நிற்காது. பெட்டியின் மேல் விளிம்பில், வெளிப்பக்கமாக, மீன் படாத இடத்தில் கெட்டியான டேக்கை ரிவெட் அடித்து வைப்பதுதான் சரி.

அப்புறம், எங்கே படிப்பது? வண்டிக் கதவில் பெரிய ஆன்டெனா வைத்து எல்லாப் பெட்டியையும் ஒரே வீச்சில் படித்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். இந்தக் கரையில் அதைவிடத் தராசுதான் நல்ல இடம். ஏலம் முடிந்து பெட்டி தராசில் ஏறுகிறது. முள்போலத் துடிக்கும் எண் சற்று நேரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில் மட்டும் ரீடரைப் படிக்கவிட்டு, டேக் எண், எடை, படகின் பதிவு எண், மீன் வகை, நேரம் எல்லாவற்றையும் ஒரே வரியில் பதிய வேண்டும். ரீடரின் சக்தியைக் குறைத்து, ஆன்டெனாவைப் பக்கவாட்டில் ஒரு முழத் தூரத்தில் வைத்தால் போதும். சக்தியைக் கூட்டி வைத்தால் வரிசையில் அடுத்து நிற்கும் பெட்டியும் சேர்ந்து படிக்கும். தகரக் கூரையிலும் தராசுத் தட்டிலும் பட்டுத் தெறிக்கும் அலை இன்னும் தள்ளி இருப்பதைக்கூடக் கொண்டுவந்துவிடும். அப்படி வந்தால் ஒரு படகின் இறால் இன்னொரு படகின் கணக்கில் ஏறும். கணக்கப்பிள்ளை கையால் எழுதியபோதுகூட நடக்காத தவறு அது.

டேக் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவாக மொத்தமாக வருகிற டேக்குகளில் ஒரே எண் எழுதப்பட்டிருப்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுதி, பிறகு யாரும் மாற்றாதபடி பூட்டிவிட வேண்டும். எண்ணுக்குள் மீன் வகையையோ தேதியையோ திணிக்காதீர்கள். பெட்டி நாளைக்கும் வரும், உள்ளே இருக்கும் மீன் மாறிவிடும்.

அலைவரிசையைக் கேட்காமல் வாங்குவது

இந்தியாவில் இந்த டேக்குகளுக்கு 2005-ல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி தரப்பட்டது. 2021-ல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ரீடர் அந்த நாட்டு அமைப்போடு வந்தால், இங்கே கைப்பேசி டவருக்குப் பேசும் அலைவரிசையில் போய் விழும். தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இதோடு சேர்ந்தே இருக்கிறது. சமிக்ஞை கிலோமீட்டர் கணக்கில் போகும் லோரா என்ற ரேடியோ வகை சென்சார்களும் இந்தியாவில் இதே 865 பகுதியில்தான் ஓடுகின்றன. ரீடரோ சத்தமாகக் கத்தும் கருவி. சென்சார்களின் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் லோரா கேட்வேயோ மிக மெல்லிய சமிக்ஞையைக் காது கொடுத்துக் கேட்கும் கருவி. இரண்டையும் ஒரே கம்பத்தில் மாட்டி, ரீடரை நாள் முழுக்க ஓடவிட்டால் சென்சார் பேசுவது கேட்வேயின் காதில் விழாது. ஆன்டெனாக்களைத் தள்ளி வையுங்கள். பெட்டி வரும்போது மட்டும் ரீடர் விழிக்கும்படி செய்யுங்கள்.

சென்சார் சொல்வதை அப்படியே நம்புவது

குளிர் அறையின் சுவர் இருபுறமும் தகடு போர்த்திய பேனல். உள்ளே சென்சாரும் வெளியே கேட்வேயும் இருந்தால், கதவு திறக்கும்போது மட்டும் தகவல் வரும், மூடினால் நின்றுவிடும். வெப்பத்தை அளக்கும் முனையை மட்டும் உள்ளே விட்டு, ரேடியோ பெட்டியை வெளியே வைப்பதே எளிய வழி; பேட்டரிக்கும் அது நல்லது. மைனஸ் 18 டிகிரியில் சாதாரண பட்டன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உள்ளேயேதான் வைக்க வேண்டும் என்றால் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு வகை கேளுங்கள்.

துல்லியத்தையும் பாருங்கள். பரவலாகப் பயன்படும் டி.எஸ்.18பி20 சென்சாருக்கு அரை டிகிரிக்குள் துல்லியம் என்பார்கள். அந்த உறுதி மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரைக்கும்தான். உறை அறையில் அது இன்னும் கூடுதலாக விலகலாம். சரிபார்க்க, நசுக்கிய ஐஸில் நல்ல தண்ணீர் கலந்து முனையை முக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும். கரையில் கைக்கு எட்டுவது கடல் தண்ணீர்தான், ஆனால் அதைக் கலந்துவிடாதீர்கள். கடல் நீரின் உறைநிலை கிட்டத்தட்ட மைனஸ் 2 டிகிரி. அதில் ஐஸ் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். நல்ல சென்சாரைக் கெட்டது என்று சொல்லிவிடுவோம்.

இனி, மௌனம். பெரும்பாலும் கரண்ட் போகும்போதுதான் குளிர் குறையும். அதே கரண்டில்தான் கேட்வேயும் ரவுட்டரும் ஓடுகின்றன. எச்சரிக்கை எந்த நேரத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில் அது செத்துக் கிடக்கும். கேட்வேக்குத் தனி பேட்டரி கட்டாயம். தொடர்பு இல்லாத நேரத்துத் தகவலைச் சென்சாரே சேமித்து வைத்து, பிறகு அனுப்ப வேண்டும். குறித்த இடைவெளியில் எதுவும் வரவில்லை என்றால் "தகவல் இல்லை" என்பதே ஓர் எச்சரிக்கையாக வர வேண்டும். கடைசியாக வந்த மைனஸ் 19-ஐப் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும் திரை ஆபத்தானது. சிம் கார்டில் ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்; தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிப்பது நமக்குத் தெரிந்ததுதானே.

உப்புக்காற்றை மறந்துவிடுவது

தண்ணீர் புகாது என்று சான்று பெற்ற பெட்டி உப்பையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் அரிமானச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருக்கிறது. உலோகத்தை உப்புக்காற்று அரிப்பதை ஆராய ஏற்ற இடம் இது. ஆன்டெனா கேபிள் இணையும் திருகு முனைதான் முதலில் போகும். அதை நீர் புகா நாடாவால் இறுகச் சுற்றுங்கள். பார்த்துச் சரிசெய்ய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகுகள் நிற்கும் அந்த நாட்களில் பெட்டிகளை எண்ணி, உடைந்த டேக்கை மாற்றி, சென்சாரை ஐஸ் தண்ணீரில் சோதித்துவிடலாம்.

யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று யோசிக்காமல் விடுவது

எச்சரிக்கை முதலாளியின் போனுக்கு மட்டும் போகும். ராத்திரி கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டருக்குப் போகாது. இது நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் அவருக்கு, கால்மணி நேரத்தில் பதில் இல்லை என்றால் மேலே. கதவு திறந்ததற்கும் குளிர்ச் சுருளில் பனி கரைய விட்டதற்கும் எல்லாம் மணி அடித்தால் ஒரு வாரத்தில் போனை மௌனத்தில் போட்டுவிடுவார்கள். குளிர் குறைந்தது, குறிப்பிட்ட நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை என்றால் மட்டும் அடிக்கட்டும்.

தராசில் பதிவான வரி கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் தங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த எடையை நம்பித்தான் படகுக்காரர் டீசல் கடன் அடைக்கிறார், கூட வந்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிறார். பெட்டி தராசிலிருந்து இறங்கும்போதே எடை, மீன் வகை, நேரம் மூன்றும் தமிழில் குறுஞ்செய்தியாக அவருக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். மென்பொருள் வாங்கும்போதே இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்; பிறகு சேர்க்கச் சொன்னால் தனியாகப் பணம் கேட்பார்கள்.