இரண்டாம் லெவலில் பறக்கும் துடைப்பம்: மேஜிக் பொருள்களை அளந்து கொடுப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுவார்கள். நான் அதை நடத்தத் தொடங்கிய புதிதில், இரண்டாம் லெவல் வில்லாளி ஒருவருக்குப் பறக்கும் துடைப்பத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அவுல்பேர் வந்தது. கரடி உடம்பு, ஆந்தை முகம். ஆனால் பறக்கத் தெரியாது. நம் ஆள் நூறடி உயரத்தில் உட்கார்ந்து அம்பு விட்டுக்கொண்டே இருந்தார். மற்ற மூன்று பேரின் கேரக்டர்களும் கோபுரத்துக்குள் பத்திரமாக இருந்தன. அவர்கள் போனை எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம், எதையும் கொடுக்கும் முன் இப்படித்தான் பார்க்கிறேன். கணக்கெல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

படி 1: தரத்தைப் பாருங்கள்

எவ்வளவு அரிது என்பதுதான் தரம். தோராயமாக, ஓரளவு அரிதான அன்காமன் பொருள் முதல் லெவலிலிருந்தே வரலாம். ரேர் 5இலிருந்து, வெரி ரேர் 11இலிருந்து, லெஜண்டரி 17இலிருந்து. இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் துடைப்பமும் அன்காமன்தான்!

படி 2: டைஸ் கணக்கு போடுங்கள்

செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசமும் கேடயமும் உள்ள வீரருக்கு ஆர்மர் கிளாஸ் 18. அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண் அது. காப்ளின் என்ற குட்டி எதிரி தாக்கும்போது 20 முக டைஸில் விழுவதோடு 4 கூட்டும். ஆக, 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகங்களில் 7. கேடயத்தை +2 ஆக்கினால், அதாவது ஆர்மர் கிளாஸில் இன்னும் 2 கூட்டும் மேஜிக் கேடயம் கொடுத்தால், 5 முகம். கவசத்தையும் +2 ஆக்கினால் வெறும் 3. அடி பாதிக்கும் கீழே போய்விட்டது.

சரி, பெரிய எதிரியாக ஓகரைக் கொண்டுவரலாம் என்று தோன்றும். ஓகர் 6 கூட்டும். அந்த வீரர்மேல் அப்போதும் 5 முகம்தான். பக்கத்தில் ஆர்மர் கிளாஸ் 12 உள்ள மந்திரவாதி நிற்கிறாரே, அவர்மேல் 15 முகம். ஓர் அடி சராசரியாக 13. இரண்டாம் லெவல் மந்திரவாதிக்கு உயிரே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒருவருக்குக் கொடுத்த பரிசுக்கு இன்னொருவர் சாகிறார்.

படி 3: எந்தக் கதவைத் திறக்கிறது?

+1 வாள் எண்ணை மட்டும் நகர்த்தும். பறத்தல், மறைதல் போன்றவை நீங்கள் யோசித்து வைத்த மதில், அகழி, காவலாளி எல்லாவற்றையும் ஒரே இரவில் வீணாக்கும். அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு என்ன திட்டம் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

படி 4: வரம்பு வையுங்கள்

அட்யூன்மெண்ட், அதாவது கேரக்டரோடு மந்திரப் பிணைப்பு, தேவைப்படும் பொருள்களை ஒருவர் ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் பயன்படுத்த முடியாது. துடைப்பத்துக்கு அது தேவையே இல்லை. அதேபோல் பறக்க வைக்கும் சிறகு பூட்ஸுக்குத் தேவை. சந்தேகமாக இருந்தால் ஒருமுறை மட்டும் பயன்படும் போஷனோ (மந்திர மருந்து) ஸ்க்ரோலோ (மந்திரச் சுருள்) கொடுங்கள். தப்பாகப் போனாலும் ஒரு மாலையோடு தீர்ந்துவிடும்.

படி 5: கொடுத்தாகிவிட்டதா?

திருடனை அனுப்பிப் பிடுங்காதீர்கள், பிளேயருக்கு உடனே புரிந்துவிடும். நான் நேராகவே பேசினேன். அவரும் ஒப்புக்கொண்டார். இப்போது துடைப்பம் ஒரு விடியலுக்குப் பத்து நிமிடம்தான் பறக்கும். போன வாரம் ஒன்பதாவது நிமிடத்தில் அவர் நடு ஆற்றுக்கு மேலே இருந்தார். ஒருவர் கையிலும் போன் இல்லை.