மழை ஊரில் பழைய தோழியோடு ஒரு வாரம் தங்குவது எப்படி

வெயிலை நம்பி இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குக் கிளம்பாதீர்கள். ஜூன் மாதம் கோடைதானே என்று நானும் போனேன். ஏழு நாளில் ஆறு நாள் மழை. அங்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது அங்கேதான், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். நம் சென்னைக்கு 1,400 சொச்சம். நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு அந்த ஊருக்குக் கூப்பிடு தூரம்.

வியாசர்பாடியில் குடியிருப்பவளுக்கு மழை என்றால் முதலில் வரும் கேள்வி, கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்களா என்பதுதான். அடுத்தது, கட்டிலுக்கு அடியில் எத்தனை செங்கல் வைக்கலாம் என்பது. அங்கே மழை வேறு மாதிரி. கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். அதற்காக யாரும் எந்த வேலையையும் நிறுத்துவதில்லை. ஆடுகள் கூட ஒதுங்குவதில்லை. (ஹெர்ட்விக் என்று ஒரு ஆடு, குட்டி கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகிவிடுமாம்.)

நாங்கள் இரண்டு பேரும் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தவர்கள், ஒரே ஹாஸ்டல் அறை. அவள் 2003-ல் கிளம்பிப் போய், ஏரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கார்லைலில் குடியேறிவிட்டாள். நான் இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நான் போனது அவளைப் பார்க்க. ஏரி, மலையெல்லாம் சாக்கு. மழை எனக்கு உதவிதான் செய்தது. வெயில் அடித்திருந்தால் காலையில் ஒரு மலை, மாலையில் ஒரு படகு என்று என் முழங்கால் மூட்டைக் கழற்றியிருப்பாள்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும். எந்தத் தேதி முதல் எதுவரை, எங்கே தங்கல், செலவு யாருடையது என்று தோழியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பென்ஷன் வரும் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதும் என்று நான் அதையே வைத்தேன். திடீரென்று பெரிய தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் வரும். அப்புறம், நர்ஸாக ஒரு வார்த்தை: பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அங்கே அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள், வார்டில் சேர்த்தால் வெளிநாட்டவருக்குப் பில் உண்டு. பிரஷர் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது என்பதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். மைசூர் பாகு, பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, நெய்யும் பால் பொருள்தான். ஆனால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, உலர்ந்த மீனும் அதில் சேர்த்தி. இதைப் படித்த அன்றே காசிமேட்டுக்குப் போய் நெத்திலியும் வஞ்சிரக் கருவாடும் வாங்கினேன். வாங்கியதை மொட்டை மாடியில் இன்னும் ஒரு நாள் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு ஜிப் கவரில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து டேப் ஒட்டுங்கள். நான் ஒரு கவரோடு விட்டதால் என் சால்வை இன்னும் காசிமேடாகத்தான் மணக்கிறது. எம்.சி. ரோட்டில் நாலு காட்டன் நைட்டியும் வாங்கிப் போனேன். பட்டுப்புடவை கொடுத்திருந்தால் கூட அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

துணிக்கு வருவோம். மடக்குக் குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். என்னுடையது முதல் நாள் காற்றிலேயே மல்லாந்துவிட்டது. தலைமூடி வைத்த ரெயின்கோட்தான் அங்கே குடை. புடவை கட்டினால் கரை நனைந்து கால் விறைக்கும். ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் காயாது. சுடிதாரும் உள்ளே ஒரு கம்பளி லெகிங்ஸும் எனக்குச் சரியாக இருந்தன. ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், தடித்த சாக்ஸ் போட வேண்டும். நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: ஒரு பிளாஸ்டிக் சொம்பு. வாடகை வீட்டுக் கழிப்பறையில் காகிதம் மட்டும்தான்.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து கார்லைலுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. 60 வயது முடிந்தவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு உண்டு, வெளிநாட்டவரும் வாங்கலாம், மூன்றில் ஒரு பங்கு குறையும். தோழியிடம் கார் இல்லையென்றால் பென்ரித்தில் இறங்கி எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பஸ்ஸில் கெசிக் போய், அங்கிருந்து 78-ம் எண் பஸ்ஸில் பள்ளத்தாக்குக்குள் போகலாம். 'கெஸ்விக்' என்று எழுதியிருக்கும், சொல்வது கெசிக். அரிசி, வெங்காயம், எண்ணெய் எல்லாவற்றையும் வழியிலேயே வாங்கிவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால் கடைக்கு மறுபடி கெசிக் வர வேண்டும், போனில் சிக்னலும் சரியாக எடுக்காது. முதல் மளிகை பில்லை நீங்களே கட்டுங்கள். தோழி தடுப்பாள். அவள் வண்டியை எடுக்கப் போகும் நேரம் பார்த்துக் கட்டுங்கள்.

இப்போது அலாரம் கதை. முதல் நாள் மாலை, வெளியே தூறல், உள்ளே சுடச்சுடச் சோறு. நெத்திலியை எண்ணெயில் போட்டேன். இரண்டே நிமிஷம்தான், கூடத்துக் கூரையில் இருந்த புகை அலாரம் ஆம்புலன்ஸ் மாதிரி அலற ஆரம்பித்தது. "ஏய், சமையலறைக் கதவை மூடுடி!" என்று கத்திக்கொண்டே அவள் நாற்காலி மேல் ஏறித் துண்டை வீசினாள். அவளுடைய கணவர் வாசல் கதவைத் திறந்துவிட்டு, "உங்க ரெண்டு பேரையும் வார்டன் எப்படித்தான் மேய்ச்சாங்களோ!" என்றார். ஆக, கருவாட்டை அங்கே வறுக்காதீர்கள், குழம்பாக வையுங்கள். வறுத்தே ஆக வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வறுங்கள். அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றக் கூடாது. தீக்காய வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

மழையில் பார்க்க என்ன இருக்கிறது? டெர்வென்ட்வாட்டர் ஏரியின் தென்கோடியில் லொடோர் அருவி. நாலு நாள் மழை பெய்யாவிட்டால் சும்மா கசியும், பெய்தால் பாறைக்குப் பாறை மோதி இரையும். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்ப் பாருங்கள். மூடுபனி இறங்கிய மலை மேல் மட்டும் ஏறாதீர்கள். தொலைந்தால் தேடி வருகிறவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அவர்களும் யார் வீட்டுப் பிள்ளையோ.

இன்னொன்று கெசிக்கில் உள்ள பென்சில் அருங்காட்சியகம். பாரோடேல் மலையில் கிடைத்த கிராஃபைட்டை வைத்துத்தான் அந்த ஊரில் பென்சில் தொழிலே வளர்ந்தது. அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம், காரணம் பென்சில் இல்லை. 2015 டிசம்பரில் அங்கேயும் வெள்ளம் புகுந்து, 2017-ல்தான் மறுபடி திறந்தார்கள் என்று அவள் சொன்னாள். டிசம்பரில் என்றைக்கு என்று கேட்டேன். டிசம்பர் 5, சனிக்கிழமை. டெஸ்மண்ட் என்ற புயல். பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள ஹானிஸ்டர் கணவாயில் ஒரே நாளில் 341.4 மில்லிமீட்டர், பிரிட்டனில் அதுவரை அப்படிப் பெய்ததில்லையாம்.

அதே டிசம்பர் 1 ராத்திரி வியாசர்பாடியில் நான் மாடி வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், கீழே என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் கழித்து அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை ஆற்றுத் தண்ணீர். போன் கிடைத்ததும் பேசினோம்தான். நான் "இங்கே பெருசா ஒண்ணும் இல்லடி" என்றேன். அவளும் அதையேதான் சொன்னாள். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் அதை நம்பியிருக்கிறோம். நான் ஹாஸ்டல் போட்டோக்கள் போனதைச் சொன்னேன். அவள் அம்மா கொடுத்த புடவைகளைக் குப்பை வண்டியில் ஏற்றியதைச் சொன்னாள். காபி ஆறிப்போய் இன்னொன்று வாங்கினோம்.

இதெல்லாம் முதல் நாளில் வராது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் படிப்பு, யார் செத்தார்கள், யார் வீடு கட்டினார்கள் என்றே போகும். நாலாம் நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். அவளுடைய சம்பளத்தைக் கேட்காதீர்கள், 'எப்போ திரும்பி வருவே' என்றும் கேட்காதீர்கள். மதியம் ஒரு மணி நேரம் அவளைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் தூங்குங்கள். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், பேசுவதற்கு நேரம் நிறைய.

கடைசி நாள் பளிச்சென்று வெயில் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் நைட்டியோடு கல்சுவர் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.