வாத்துக்கறி ஃப்ரைட் ரைஸ்: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை

வாத்துக்கறியில் ஃப்ரைட் ரைஸ் என்றதும் பலர் சிக்கன் ஃப்ரைட் ரைஸ் செய்முறையை எடுத்துக்கொண்டு, கோழிக்குப் பதில் வாத்தைப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிடலாம்தான். ஆனால் வாத்தின் அருமை அதில் தெரியாது. வாத்தின் ருசியில் பாதி அதன் தோலுக்கு அடியில் தடிமனாகப் படிந்திருக்கும் கொழுப்பில் இருக்கிறது. அதை நிதானமாக உருக்கி எடுத்து, அந்த நெய்யிலேயே முட்டை, காய், சோறு எல்லாவற்றையும் வறுக்க வேண்டும். வறுப்பதற்கு வேறு எண்ணெயே வேண்டாம்.

வாத்துக்கறியை இதுவரை தொட்டதே இல்லை என்பவர்களும் தைரியமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கறிக்குச் சின்னத் தீ, சோற்றுக்குப் பெரிய தீ. மாற்றிச் செய்தால் தோல் கருகிவிடும், சோறு குழைந்துவிடும்.

தேவையானவை (3 பேருக்கு)

தோலுடன் வாத்து நெஞ்சுக்கறி – 2 துண்டு (மொத்தம் 350 முதல் 400 கிராம்)
பாஸ்மதி அல்லது வேறு நீள அரிசி – 1½ கப்
முட்டை – 2
பூண்டு – 6 பல், பொடியாக நறுக்கியது
இஞ்சி – ஒரு அங்குலத் துண்டு, பொடியாக நறுக்கியது
கேரட் – 1, சின்னச் சதுரங்களாக
பீன்ஸ் – 10, மெல்லிய வட்டங்களாக
வெங்காயத்தாள் – 6 தண்டு, வெள்ளைப் பகுதியும் பச்சைப் பகுதியும் தனித்தனியாக
சோயா சாஸ் – 1½ மேஜைக்கரண்டி
வெள்ளை மிளகுத்தூள் – ½ தேக்கரண்டி (இல்லாவிட்டால் கருமிளகு)
வினிகர் – 1 தேக்கரண்டி
உப்பு – தேவைக்கு

வறுத்த எள்ளின் எண்ணெயைக் கடைசியில் சில சொட்டு விடுவது பலரின் வழக்கம். நான் இதில் சேர்ப்பதில்லை. அதன் வாசனை வாத்து நெய்யின் வாசனையை அமுக்கிவிடுகிறது. வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல் விடுங்கள். நம் நல்லெண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றிவிடாதீர்கள், இரண்டின் மணமும் வேறு.

முதல் நாள்: சோறும் கறியும்

ஃப்ரைட் ரைஸ் சரியாக வருவதும் வராததும் முதல் நாளே பெரும்பாலும் முடிவாகிவிடும். அரிசியை நாலைந்து முறை கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது உப்புடன் போடுங்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வேகாத வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காடு அதன் சொந்தச் சூட்டிலேயே ஆகிவிடும்.

வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகிக்கொள்ளும், மேற்பரப்பின் ஈரமும் குறையும். அதனால்தான் மறுநாள் வாணலியில் போட்டுக் கிளறினாலும் பருக்கை உடையாமல் உதிரி உதிரியாக நிற்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, திரும்பச் சூடு செய்தாலும் அழியாத வகை. ஆகவே இரவு முழுக்க அடுப்படியிலேயே கிடந்த சோறு ஃப்ரைட் ரைஸுக்கு ஆகாது. வடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், மறுநாளே பயன்படுத்தியும் விட வேண்டும்.

முதல் நாள் செய்ய நேரமில்லையா? சோற்றைக் கொஞ்சம் விறைப்பாகவே வடித்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வையுங்கள். பழைய சோற்றின் பக்குவம் முழுதாக வராவிட்டாலும் குழையாது.

கறிக்கும் முதல் நாளே ஒரு சின்ன வேலை உண்டு. உறைந்த கறி என்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க இளக விடுங்கள். அப்புறம் டிஷ்யூ பேப்பரால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கூரான கத்தியால் தோலின் மேல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கத்தி தோலையும் கொழுப்பையும் வெட்ட வேண்டும், சிவப்புக் கறியைத் தொடக்கூடாது. கறியில் பட்டால் அதன் சாறு வாணலியில் இறங்கி, தோல் மொறுமொறுப்பாவதற்குப் பதில் வெந்துபோகும். கொழுப்பு குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கீறுவது சுலபம். இரண்டு பக்கமும் உப்பு தடவி, தோல் மேலே பார்க்கும்படி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சைக் கறி என்பதால் எப்போதும் மற்றச் சாப்பாட்டுக்குக் கீழ்த்தட்டில்தான் அதன் இடம்.

கொழுப்பை உருக்குவது

கனமான இரும்பு வாணலியோ அடி தட்டையான சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, குளிர்ந்த வாணலியில் தோல் கீழே இருக்கும்படி கறியை வையுங்கள். எண்ணெய் வேண்டாம். பிறகு சின்னத் தீயில் அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான வாணலியில் போட்டால் தோலின் மேற்பரப்பு உடனே வறுபட்டு இறுகிவிடும், உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வர வழியில்லாமல் போகும். குளிரிலிருந்து மெல்லச் சூடேறும்போதுதான் அது ஓரங்களிலும் கீறல்களிலும் கசிந்து இறங்கும்.

முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தீயைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். நாலைந்து நிமிடத்தில் ஓரமாக நெய் தேங்க ஆரம்பிக்கும். அதில் எழும் குமிழிகளைக் கவனியுங்கள். தோலில் ஈரம் இருக்கும்வரை குமிழி பெரிதாக, படபடவென்று சத்தத்தோடு வரும். ஈரம் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, சத்தம் மெல்லிய சலசலப்பாக அடங்கும். நெய்யும் கலங்கல் நீங்கித் தெளிந்து பொன்னிறமாகும். அப்போது ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் தோல் செம்பழுப்பாக, தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகியிருக்கும். இதற்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். நடுவில் நெய் நிறையத் தேங்கினால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருங்கள், அதில்தான் எல்லாவற்றையும் வறுக்கப் போகிறோம்.

இப்போது கறியைத் திருப்பிப் போட்டு மிதமான தீயில் 4 முதல் 6 நிமிடம் வேகவிடுங்கள். வாத்து நெஞ்சுக்கறி கோழியைப் போல வெளுப்பாக இருக்காது. நெடுந்தூரம் பறக்கும் இனத்துப் பறவை என்பதால் அந்தத் தசையில் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் அதிகம், ஆகவே நிறம் மாட்டுக்கறி போலச் சிவப்பாகத்தான் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்யக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் தடிமனான இடத்தின் நடுவே குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் பயமில்லை. உணவகங்களில் இதைவிடக் குறைந்த வேக்காட்டில், நடுவே இளஞ்சிவப்பாகப் பரிமாறுவதுண்டு. வீட்டில், அதுவும் முதல் முறை, குழந்தைகளும் சாப்பிடும் சாப்பாட்டில் முழுக்க வேகவைப்பதே சரி.

வெந்த கறியை எடுத்து, தோல் மேலே இருக்கும்படி பலகையில் 10 நிமிடம் வையுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடும். அப்புறம் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் ஒட்டியிருக்க வேண்டும். பச்சைக் கறி வைத்த பலகையையும் கத்தியையும் கழுவாமல் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

எலும்போடு வெட்டிய கறிதான் கிடைக்கிறது என்றால்

கவலை வேண்டாம், அதிலும் அருமையாக வரும். தோலையும் கொழுப்புத் துண்டுகளையும் கறியிலிருந்து பிரித்தெடுத்து, பொடியாக நறுக்கி, கால் கப் தண்ணீரோடு வாணலியில் சின்னத் தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றும் வரை கொழுப்பு கருகாமல் இளகி வரும், அப்புறம் தோல் துண்டுகள் தானாக வறுபட்டு மொறுமொறுப்பாகும். அவற்றை அரித்துத் தனியாக வையுங்கள்.

கறியை இஞ்சி, உப்பு, ஒரு அன்னாசிப்பூவுடன் குக்கரில் வேகவையுங்கள். இளம் வாத்துக்கு நாலைந்து விசில் போதும். முற்றிய வாத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகலாம், திறந்து பார்த்துப் போதாவிட்டால் மறுபடி வையுங்கள். கறி எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்று வந்தால் பதம் சரி. நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வடிகட்டி மிளகு தட்டிப்போட்டால் பக்கத்தில் வைத்துக் குடிக்க நல்ல சூப்.

வாணலியில் வறுப்பது

இனி நடப்பதெல்லாம் பத்து நிமிட வேலை. அடுப்பைப் பற்றவைத்த பிறகு நறுக்குவதற்கோ பாட்டிலைத் தேடுவதற்கோ நேரம் இருக்காது. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோற்றை, ஈரக் கையால் கட்டிகள் இல்லாமல் உதிர்த்து வைப்பதும் இப்போதே முடிந்திருக்க வேண்டும். கட்டியை வாணலியில் உடைக்கப் போனால் பருக்கைதான் உடையும்.

வாணலியைப் பெரிய தீயில் நன்றாகக் காயவையுங்கள். ஒரு மேஜைக்கரண்டி வாத்து நெய் விட்டு, அடித்த முட்டையை ஊற்றுங்கள். பொங்கி எழும்போதே ஓரிரு முறை கிளறி, இன்னும் இளக்கமாக இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். மறுபடி வாணலிக்கு வரப்போகிறது என்பதால் இப்போது முழுக்க வேக வேண்டாம்.

இன்னொரு மேஜைக்கரண்டி நெய் விட்டு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி மூன்றையும் போடுங்கள். பூண்டு நிறம் மாறுவதற்குள், அரை நிமிடத்திலேயே, பீன்ஸும் கேரட்டும் போக வேண்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். காய் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். எடுத்து முட்டையோடு வையுங்கள்.

அடுத்தது சோறு. வீட்டு அடுப்பின் தீ உணவக அடுப்பின் தீக்கு ஈடாகாது. குளிர்ந்த சோற்றை மொத்தமாகக் கொட்டினால் வாணலியின் சூடு சட்டென்று இறங்கி, சோறு வறுபடாமல் ஆவியில் புழுங்கும். அதனால் பாதிப் பாதியாக வறுப்பதுதான் நல்லது. ஒரு மேஜைக்கரண்டி நெய்யில் பாதிச் சோற்றைப் போட்டுப் பரப்பி, அரை நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் இருக்கும் பருக்கைகள் லேசாகச் சிவந்து மணம் வரும். அப்புறம் அடியிலிருந்து புரட்டி, மறுபடி பரப்பி விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. பருக்கைகள் வாணலியில் தனித்தனியாகத் துள்ள ஆரம்பித்தால் அந்தப் பங்கு தயார். மீதிச் சோற்றையும் அதேபோல வறுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். நடுவே உள்ள பருக்கையும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும்.

நான்ஸ்டிக் பாத்திரம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வெறுமனே பெரிய தீயில் காயவைக்காதீர்கள், பூச்சு கெட்டுவிடும். மிதமான தீயில் இன்னும் சின்னப் பங்குகளாக வறுத்தால் போதும்.

சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்ற வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளிவிட்டு, காய்ந்த வாணலியின் ஓரமாகச் சுற்றி விடுங்கள். சூட்டில் பட்டுச் சுர்ரென்று கொதிக்கும்போது அதன் பச்சை வாடை போய், லேசான கருகல் இனிப்பு வரும். உடனே புரட்டுங்கள். மிளகுத்தூள், காய், முட்டை, வாத்துத் துண்டுகள் எல்லாம் போட்டு ஒரு நிமிடம் மட்டும் புரட்டினால் போதும். ஏற்கெனவே வெந்த கறியை அதிக நேரம் வாட்டினால் ரப்பராகிவிடும்.

உப்பை இப்போது ருசி பார்த்துப் போடுங்கள். கறியிலும் சாஸிலும் சோற்றிலும் உப்பு இருக்கிறது, பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படாது. கடைசியாக வினிகரைத் தெளித்து, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவி இறக்குங்கள். வினிகர் இல்லாமலும் செய்யலாம்தான், ஆனால் கொழுப்பான கறிக்கு இந்தத் துளிப் புளிப்பு மிக முக்கியம் என்பேன். நாலாவது வாயிலேயே திகட்டாமல் காப்பது அதுதான். தோலின் மொறுமொறுப்பு குறையாமல் இருக்க வேண்டுமென்றால், கொஞ்சம் வாத்துத் துண்டுகளை வாணலியில் போடாமல் நிறுத்திவைத்து, தட்டில் பரிமாறியபின் மேலே வையுங்கள்.

இடையில் சிக்கல் வந்தால்

சோறு பிசுபிசுவென்று ஒட்டினால் கிளறுவதை நிறுத்திவிட்டு, பரப்பி ஈரம் வற்ற விடுங்கள். நெய் மிதப்பது போலத் தெரிந்தால் வாணலியைச் சாய்த்து, சோற்றை மேல்பக்கம் ஒதுக்கி, வடியும் நெய்யைக் கரண்டியில் எடுத்துவிடலாம். தோல் மொறுமொறுப்பாகாமல் வழவழப்பாகவே இருந்தால் தீ கூடிவிட்டது அல்லது ஈரம் சரியாக ஒற்றவில்லை என்று அர்த்தம். வெட்டிய துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி தனியாக இரண்டு நிமிடம் சின்னத் தீயில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மீந்த ஃப்ரைட் ரைஸை அடுத்த வேளைக்குள் முடித்துவிடுங்கள். ஒரு முறை ஆறவைத்துச் சூடாக்கிய சோறு அது, மறுபடி மறுபடி சூடாக்கக் கூடாது.

கிண்ணத்தில் மீந்த வாத்து நெய்யை மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையாக உறைந்துவிடும், சில வாரங்கள் தாராளமாக இருக்கும். எடுக்கும் கரண்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. உருளைக்கிழங்கை வேகவைத்து உடைத்து இந்த நெய்யில் வறுத்துப் பாருங்கள். ஆம்லெட்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.